டிரிப்டான் மாத்திரை: எப்போது போட வேண்டும், யார் போடக் கூடாது

மதுரைப் பக்கம் தலை வலித்தால் முதலில் தைலம், அடுத்து சூடாக ஒரு காபி, அதற்கும் கேட்கவில்லை என்றால் தெருமுனை மெடிக்கலில் “தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணே”. அலைச்சலிலும் தூக்கம் கெட்டும் வரும் சாதாரணத் தலைவலிக்கு இது போதும். ஒற்றைத் தலைவலிக்குப் பல நேரம் போதாது. அது நெற்றிப்பொட்டில் துடிதுடிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், வயிற்றைப் பிரட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆளைக் கிடத்திவிடும். ஒற்றைத் தலைவலி என்ற பெயர் இருந்தாலும் சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். அதை வைத்து இது இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது.

இந்த வலிக்கென்றே உருவாக்கப்பட்ட மருந்து வகைதான் டிரிப்டான். இவற்றில் முதலாவதான சுமட்ரிப்டான் 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் வாங்க வேண்டும். இந்த மருந்தைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது போடும் நேரம். “எனக்கு டிரிப்டான் கேட்கவில்லை” என்று கைவிடுபவர்கள் பலருக்கு மருந்தில் குறை இருக்காது. வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டிருப்பார்கள்.

உள்ளே என்ன செய்கிறது

முகத்துக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கும் உணர்வு தருவது டிரைஜெமினல் நரம்பு. ஒற்றைத் தலைவலி கிளம்பும்போது இந்த நரம்பின் நுனிகள் சிஜிஆர்பி என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. மூளை உறையிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன, சுற்றியுள்ள இடம் ரணப்பட்டதுபோல் ஆகிறது, வலிச் செய்தி மூளைத்தண்டுக்கு ஓடுகிறது. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள் செரோட்டோனின். அது ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில் 1பி, 1டி என்ற இரண்டு வகைகளில் டிரிப்டான் போய் உட்கார்கிறது. 1பி வழியாக விரிந்த குழாய்களைச் சுருக்குகிறது. 1டி வழியாக சிஜிஆர்பி சுரப்பதை அடக்குகிறது. பாராசிட்டமால் எந்த வலியையும் பொதுவாகக் குறைக்கும். டிரிப்டான் அப்படி இல்லை. மூட்டு வலிக்கோ பல் வலிக்கோ கழுத்துப் பிடிப்புக்கோ போட்டால் பயன் கிடையாது.

குழாயைச் சுருக்கும் இந்தக் குணம் இதயத்தின் ரத்தக்குழாய்களையும் ஓரளவு தொடும். யார் போடக் கூடாது என்ற கேள்வி முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், வலி முதலில் நரம்பு நுனியில் இருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தால் மூளைக்குள் இருக்கும் நரம்பணுக்களே தாமாகக் கிளர்ந்துவிடுகின்றன. அப்போது நுனியை அடைத்துப் பெரிய பயன் இராது. அந்தக் கட்டம் வந்துவிட்டதை உடம்பே காட்டிக்கொடுக்கும். சீப்பு பட்டால் தலைத்தோல் வலிக்கும், தோடு உறுத்தும், கண்ணாடிக் காம்பு தாங்காது, காலையில் ஆசையாக வைத்த மல்லிகைச் சரம் பாறையாகக் கனக்கும். தொட்டாலே வலிக்கும் இந்த நிலைக்கு முன்பே மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். வலி முற்றிய பிறகு 50 மி.கி. சுமட்ரிப்டான் போட்டால் இரண்டு மணி நேரத்தில் வலி முழுதாக விடுவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். இலேசாக இருக்கும்போதே போட்டால் இது பாதிப் பேரை நெருங்குகிறது.

ஒரு மாலை, இரண்டு விதமாக

திருமங்கலத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். வயது 34, பிபி, சுகர் இல்லை. டாக்டர் சுமட்ரிப்டான் 50 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மதியம் 2 மணிக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி, பின்கழுத்தில் இறுக்கம், காரணமில்லாத எரிச்சல். இது முன்னறிவிப்பு. இன்னும் மாத்திரைக்கு நேரம் வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம், மதியச் சாப்பாடு தவறியிருந்தால் ஏதாவது சாப்பிடலாம். 3:10க்கு இடது நெற்றிப்பொட்டில் துடிப்பு தொடங்குகிறது. பழக்கப்பட்ட அதே வலி, இன்னும் தாங்கும் அளவில். மாத்திரை போட வேண்டிய நேரம் இதுதான். கைப்பையில் அட்டை இருக்கிறது, அங்கேயே தண்ணீரோடு விழுங்குகிறார். 5 மணிக்குள் வலி இறங்கி, களைப்பு மட்டும் மிஞ்சுகிறது. இரவு 9 மணிக்கு வலி மறுபடி தலைகாட்டினால் இரண்டாவது மாத்திரை போடலாம். முதல் மாத்திரைக்குப் பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் கடந்திருக்க வேண்டும் என்பது விதி.

இன்னொரு விதம். அதே 3:10. “பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம்.” வெயிலில் பஸ், ஹாரன் சத்தம், டீசல் புகை. பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கும்போதே கண்ணைத் திறக்க முடியவில்லை. 5:30க்கு வீட்டில் மாத்திரை விழுங்குகிறார், பத்து நிமிடத்தில் வாந்தி. வயிற்றிலிருந்து மருந்து ஏறவே இல்லை. மறுநாள் விடுப்பு. மருந்தும் ஆளும் ஒன்றுதான், இடையில் போனது இரண்டு மணி நேரம்.

வாந்தி எடுக்காதவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒற்றைத் தலைவலி வந்தால் இரைப்பையின் அசைவு மந்தமாகிறது, விழுங்கியது அப்படியே கிடக்கிறது. சுமட்ரிப்டான் மாத்திரையில் சாதாரணமாகவே ஏழில் ஒரு பங்குதான் ரத்தத்துக்கு வந்து சேரும். வயிறும் மந்தமானால் அதுவும் தாமதமாகும். அதனால்தான் டாக்டர்கள் பல நேரம் டோம்பெரிடோன் போன்ற வாந்தி மாத்திரையைச் சேர்த்து எழுதுகிறார்கள். அதை வாந்தி வரும்வரை காத்திருந்து போடக் கூடாது. டிரிப்டானோடு சேர்த்தோ சற்று முன்போ போட வேண்டும்.

வலிக்கு முன் கண் முன்னால் மின்னல் கோடு, வளைந்து நெளியும் வெளிச்சம், பாதி எழுத்து மறைவது என்று சிலருக்கு வரும். 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டுப் போகும். இதற்கு ஆரா என்று பெயர். பயந்துபோய் கண் ஆஸ்பத்திரியில் காட்டி, “கண் நல்லா இருக்கு” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நம்மூரில் நிறைய. கண்ணைச் சோதித்தது நல்லதுதான். ஆனால் அடுத்த படி நரம்பியல் மருத்துவர் அல்லது ஒற்றைத் தலைவலி பார்த்துப் பழகிய பொது மருத்துவர். ஆரா ஓடிக்கொண்டிருக்கும்போதே போடும் டிரிப்டான் பின்னால் வரும் வலியைத் தடுப்பதில்லை. ஆரா விலகி வலி தொடங்கும்போது போட வேண்டும். ஆரா வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

எது, எவ்வளவு

உலகில் ஏழு டிரிப்டான்கள் உண்டு. நம்மூர்ச் சீட்டுகளில் அதிகம் பார்ப்பது சுமட்ரிப்டானும் ரிசாட்ரிப்டானும். சோல்மிட்ரிப்டானும் நராட்ரிப்டானும் எப்போதாவது. கீழே உள்ள அளவுகள் பெரியவர்களுக்கானவை, சீட்டைப் புரிந்துகொள்வதற்காக மட்டும். உங்கள் அளவு உங்கள் சீட்டில் இருப்பதுதான்.

சுமட்ரிப்டான் ஒரு வேளைக்கு 50 அல்லது 100 மி.கி., 24 மணி நேரத்தில் 200 மி.கி.க்கு மேல் கூடாது. ரிசாட்ரிப்டான் 5 அல்லது 10 மி.கி. இது கொஞ்சம் வேகமாக ஏறும். இரண்டாவது மாத்திரைக்கு இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. நாளுக்கு 20 மி.கி.யோடு நிறுத்துவது நல்லது. சோல்மிட்ரிப்டான் 2.5 மி.கி.யில் தொடங்கும். நராட்ரிப்டானும் 2.5 மி.கி.தான், ஆனால் குணம் வேறு: மெதுவாக ஏறும், நீண்ட நேரம் நிற்கும், பக்கவிளைவு குறைவு. அதில் இரண்டாவது மாத்திரைக்கு நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும், நாளுக்கு 5 மி.கி.க்கு மேல் இல்லை. மாதவிலக்கை ஒட்டி இரண்டு மூன்று நாள் இழுக்கும் வலிக்கு இதை எழுதுவது உண்டு.

வலி வேகமாக முற்றுபவர்களுக்கும் வாந்தி முந்திக்கொள்பவர்களுக்கும் மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயோ, தோலுக்கடியில் போடும் 6 மி.கி. சுமட்ரிப்டான் ஊசியோ பொருத்தம். ஊசி 10, 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், மருந்து ஏறக்குறைய முழுதாக ரத்தத்துக்கு வந்துவிடும். பக்கவிளைவும் அதில்தான் அதிகம். இவை எல்லா மெடிக்கலிலும் இருப்பில் இருக்காது. சீட்டு வாங்கிய அன்றே விசாரித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வலியோடு கடை கடையாக அலைய முடியாது.

நாக்கில் வைத்தால் கரையும் ரிசாட்ரிப்டான் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வாயிலேயே உறிஞ்சப்படுவதால் சீக்கிரம் கேட்கும், வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். அது வாயில் கரைகிறதே தவிர, எச்சிலோடு இறங்கிக் குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. சாதாரண மாத்திரையைவிட வேகம் கிடையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் போட வசதி, அவ்வளவுதான். ஈரக் கையால் எடுக்காதீர்கள், பொடிந்துவிடும்.

முதல் மாத்திரையால் வலி கொஞ்சமும் அசையவில்லை என்றால் இரண்டாவது டிரிப்டானும் அந்த வலிக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. டாக்டர் மாற்றாகச் சொல்லியிருக்கும் வலி மாத்திரையை, உதாரணமாக நாப்ராக்சென் 500 மி.கி.யை, எடுக்கலாம். வலி விட்டு 24 மணி நேரத்துக்குள் திரும்புவது அடிக்கடி நடப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே டிரிப்டானோடு நாப்ராக்சென் சேர்த்து எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகவே கேட்கிறது. அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நாப்ராக்சென் ஆகாது.

ஒரே தடவை போட்டுப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சரியான நேரத்தில், இரண்டு மூன்று தடவை வலி வந்தபோது போட்டுப் பார்த்தும் கேட்கவில்லை என்றால் வேறு டிரிப்டானுக்கு மாற்றலாம். ஒன்று கேட்காதவருக்கு இன்னொன்று கேட்பது சகஜம்.

யார் தொடவே கூடாது

மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலிக்கு மருந்து எடுப்பவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள். பக்கவாதமோ, வந்து மறைந்த தற்காலிக வாதமோ கண்டவர்கள். கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள். பிபி கட்டுக்குள் வராதவர்கள். தலைவலியோடு ஒரு பக்கம் கை கால் செயலிழக்கும் வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள். இவர்கள் யாரும் டிரிப்டான் போடக் கூடாது. “அக்காவுக்கு நல்லாக் கேக்குது, நீங்களும் ஒண்ணு போடுங்க மாமா” என்று கொடுப்பது இங்கேதான் ஆபத்தாகிறது. அக்காவுக்கு 30 வயது, மாமாவுக்கு 55 வயது, பத்து வருஷ சுகர், பீடிப் பழக்கம். அவருக்குள் இதயக் குழாய் அடைப்பு வெளியே தெரியாமல் இருக்கலாம். சுகர், பிபி, கொழுப்பு, புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் முதலில் இதயப் பரிசோதனை. அதன் பிறகும் முதல் மாத்திரையை டாக்டர் கண்ணெதிரில் போட வைப்பது உண்டு.

டிரிப்டான் போட்ட சிலருக்கு நெஞ்சு, கழுத்து, தாடைப் பக்கம் இறுக்கமாகவோ பாரமாகவோ இருக்கும். விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று இருக்கும், உடம்பு சூடேறும், தூக்கம் வரும். இதயம் நன்றாக இருப்பவர்களிடம் இவை பெரும்பாலும் இதயத்திலிருந்து வருவதில்லை, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதல் தடவையே பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நெஞ்சு அழுத்தம் கடுமையாக இருந்தாலோ, இடது கைக்குப் பரவினாலோ, வியர்த்துக்கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. இசிஜி எடுத்துப் பார்க்கும்வரை அடுத்த மாத்திரை கிடையாது. தூக்கமும் கிறுகிறுப்பும் இருக்கும்வரை டூவீலர் ஓட்ட வேண்டாம்.

எதோடு சேரக் கூடாது

நம்மூரில் நாங்கள் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எர்கோட்டமின், காஃபின், பாராசிட்டமால், வாந்தி மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்த தலைவலி மாத்திரை பல வருஷங்களாகக் கடைகளில் புழங்குகிறது. சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். எர்கோட்டமினும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்துதான். காலையில் அதைப் போட்டு, கேட்கவில்லை என்று மாலையில் டிரிப்டான் போட்டால் இரண்டு சுருக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் 24 மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்புங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் உள்ளடக்கம் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த எழுத்து பாதிதான் வரும். “இதுல எர்கோட்டமின் இருக்கா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு டிரிப்டானோடு இன்னொரு டிரிப்டானையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது.

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க தினசரி புரோபிரனலால் எடுப்பவர்கள் நிறைய. அது ரத்தத்தில் ரிசாட்ரிப்டான் அளவை ஏற்றிவிடும். அவர்களுக்கு 10 மி.கி. வேண்டாம், 5 மி.கி.தான். இரண்டு டாக்டரிடம் பார்ப்பவர்கள், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டாமல் இருப்பதால்தான் இது தவறிப்போகிறது. மனச்சோர்வுக்கு எடுக்கும் பொதுவான மாத்திரைகளோடு டிரிப்டானைப் பலரும் பிரச்சினையில்லாமல் எடுக்கிறார்கள். உடம்பில் செரோட்டோனின் வேலை அளவுக்கு மீறிப்போகும் செரோட்டோனின் மிகைப்பு வருவது மிக அரிது. டாக்டருக்குத் தெரிந்திருந்தால் போதும். மனச்சோர்வுக்கு எழுதும் மருந்துகளில் மாவோ தடுப்பான் (MAO inhibitor) என்ற தனி வகையை எடுப்பவர்களுக்கு மட்டும் சுமட்ரிப்டான், ரிசாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான் மூன்றும் விலக்கு.

மாதத்துக்கு 10 நாள்

நன்றாகக் கேட்கிற மருந்தை அடிக்கடி போடத் தோன்றும். மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் டிரிப்டான் போட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மருந்தே தலைவலியைக் கிளப்பத் தொடங்கும். வலி அடிக்கடி வரும், மாத்திரையின் பலன் குறுகும், இன்னும் போடுவார்கள், இன்னும் வரும். எர்கோட்டமினுக்கும் கலவை மாத்திரைகளுக்கும் இதே 10 நாள்தான். தனிப் பாராசிட்டமாலுக்கு 15 நாள். கணக்கு மாத்திரை எண்ணிக்கையில் இல்லை, நாள் எண்ணிக்கையில். ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டாலும் அது ஒரு நாள்தான். சமையலறைக் காலண்டரில் மாத்திரை போட்ட தேதியைச் சுழித்து வையுங்கள். நாள் கிழிக்கும் காலண்டரில் குறித்தால் தாளோடு கணக்கும் குப்பைக்குப் போகும், மாதக் காலண்டரில் குறியுங்கள்.

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் சுழி விழுந்தால், தினசரி எடுக்கும் தடுப்பு மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். புரோபிரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃபுளுனரிசின் என்று வழிகள் உண்டு. டிரிப்டான் வந்த வலியை வெட்டும், வரப்போகும் வலியைக் குறைக்காது. இதய நோயால் டிரிப்டான் போட முடியாதவர்களுக்கு ரத்தக்குழாயைச் சுருக்காத ஜெபன்ட் வகை மருந்துகள் வந்திருக்கின்றன. அவர்கள் “எனக்கு வழியே இல்லை” என்று சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

மாத்திரையை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் கார் டாஷ்போர்டிலும் அட்டை கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஓர் அட்டை, கைப்பையில் இரண்டு மாத்திரை என்று பிரித்து வைத்தால் சரியான நேரத்தில் கையில் இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு முதல் மருந்து பாராசிட்டமால். அது போதாதபோது, டிரிப்டான்களிலேயே கர்ப்ப காலப் பயன்பாடு பற்றி அதிகத் தகவல் உள்ள சுமட்ரிப்டானை மகப்பேறு மருத்துவர் யோசித்து எழுதலாம். நீங்களாகப் போடாதீர்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இதைப் பொதுவாக எழுதுவதில்லை.

டிரிப்டான் பழக்கப்பட்ட, டாக்டர் ஒற்றைத் தலைவலி என்று உறுதி செய்த வலிக்குத்தான். இதுவரை வராத மாதிரி ஒரு வலி நொடியில் இடிபோல் உச்சத்துக்குப் போனால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால், தலையில் அடிபட்ட பிறகு வலி வந்தால், மாத்திரை போட்டுப் பார்த்து நேரத்தைக் கடத்தக் கூடாது. 108-ஐ அழைத்து, பெரியாஸ்பத்திரியோ பக்கத்தில் ஸ்கேன் வசதி உள்ள எந்த ஆஸ்பத்திரியோ, அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மூளைக் குழாய் அடைப்பாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அதனால் ஆள் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும், அன்று என்னென்ன மாத்திரை போட்டார் என்பதையும் கூடப் போகிறவர் ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையோடு டாக்டர் கையில் கொடுக்க வேண்டும்.